ஏசியின் நெட்வொர்க் பேச்சைப் படித்து நம் வசப்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைஃபை உள்ள ஏசியை, தயாரிப்பாளரின் ஆப் இல்லாமல், வீட்டுக்குள் இருக்கும் நம் சொந்தக் கணினியிலிருந்தே இயக்க விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம். கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தால் போதும். கிரிப்டோகிராஃபி படித்திருக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்து, என்ன மாறியது என்று குறித்துக்கொள்ளும் பொறுமைதான் இந்த வேலைக்கு முதலில் வேண்டும்.

ஒரு குறிப்பு: பைட் மதிப்புகளை எல்லாம் இங்கே வழக்கமான பத்தின் அடிமான எண்களாகவே எழுதியிருக்கிறேன். கருவிகள் அவற்றைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும், மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்தான் இருக்கிறதே, அது போதாதா?

படுக்கையிலிருந்து ஏசியை அணைக்க மட்டும்தான் வேண்டும் என்றால் போதும். ஆனால் ஜன்னல் திறந்திருந்தால் ஏசி தானாக நிற்க வேண்டும், அறையில் ஆள் இல்லாவிட்டால் வெப்பநிலை இரண்டு டிகிரி ஏற வேண்டும், சோலார் மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மட்டும் அறையைக் குளிர்விக்க வேண்டும் என்றெல்லாம் ஆசை வந்துவிட்டால் ஆப் உதவாது. அந்த முடிவுகளை உங்கள் சென்சார்களும் உங்கள் நிரலும்தான் எடுக்க முடியும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படும் காரணம் வேறு. பல ஆப்கள் விஷயத்தில், உங்கள் கையில் இருக்கும் போனிலிருந்து தலைக்கு மேல் இருக்கும் ஏசிக்குப் போகும் கட்டளை தொலைதூரத்து சர்வர் ஒன்றைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. இணையம் அறுந்தால் கட்டளையும் அறுந்தது. அந்த சர்வரை நிறுவனம் மூடிவிட்டால் வைஃபை வசதியே செத்துவிடும். ஏசி பத்து, பதினைந்து வருடம் உழைக்கும் பொருள். அதன் கட்டுப்பாடும் அத்தனை காலம் வீட்டுக்குள்ளேயே இருப்பதுதான் நியாயம்.

எனக்கு முன்னால் யாராவது இதைச் செய்திருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் செய்திருப்பார்கள். வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்க 2013-இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டென்ட் என்ற திறந்தமூலத் திட்டத்திலும், ஈஎஸ்பி32 போன்ற சிறு சில்லுகளுக்கான ஈஎஸ்பிஹோம் திட்டத்திலும் டைக்கின், க்ரீ, மீடியா, மிட்சுபிஷி எலெக்ட்ரிக் போன்ற தயாரிப்புகளுக்கு ஏற்கனவே வேலை செய்யும் நிரல்கள் உள்ளன.

தேடும்போது ஏசியின் முகப்பில் உள்ள பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே ஆலையில் செய்த யூனிட் பல பெயர்களில் விற்கப்படுகிறது. க்ரீ, மீடியா இரண்டும் அப்படி மற்ற நிறுவனங்களுக்கு நிறையச் செய்து கொடுக்கின்றன. வைஃபை மாட்யூலின் மாடல் எண்ணைப் பாருங்கள். ரௌட்டரில் தெரியும் அதன் மேக் முகவரியின் முதல் மூன்று பைட்டுகள் அந்த முகவரி எந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். எந்த ஆப்பை நிறுவச் சொல்கிறார்கள் என்பதும் நல்ல துப்பு.

திறந்த தரம் ஏதாவது உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜப்பானில் விற்கும் பல ஏசிகள் எக்கோநெட் லைட் என்ற வீட்டுக் கருவித் தரத்தைப் பேசும். அதன் ஆவணம் பொதுவில் கிடைக்கிறது: யூடிபி (இணைப்பு ஏற்படுத்தாமலே தரவை அனுப்பும் நெட்வொர்க் முறை) போர்ட் 3610, இயக்கம் பற்றிய பண்பு எண் 128, அதில் 48 என்றால் ஆன், 49 என்றால் ஆஃப், செட் வெப்பநிலை 179, அறை வெப்பநிலை 187. இதில் கண்டுபிடிக்க எதுவுமே இல்லை, படித்து எழுத வேண்டியதுதான். பல நிறுவனங்களுக்கும் பொதுவான ஸ்மார்ட் ஹோம் தரமான மேட்டரிலும் 2023 அக்டோபரில் வந்த 1.2 பதிப்பிலிருந்து அறை ஏசி ஒரு சாதன வகையாகச் சேர்ந்திருக்கிறது. உங்கள் யூனிட் மேட்டர் பேசும் என்றால் அடிப்படைக் கட்டுப்பாட்டுக்கு ரிவர்ஸ் இன்ஜினியரிங் (கருவி பேசுவதைப் பார்த்து அதன் மொழியைக் கண்டுபிடிப்பது) தேவையே இல்லை.

இது சட்டப்படி சரியா?

நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் பல சட்டங்கள் இணைந்து இயங்கும் தன்மைக்காகச் செய்யும் ஆய்வுக்கு இடம் கொடுக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு மென்பொருள் வழிகாட்டுதலின் 6-ஆம் பிரிவு, அமெரிக்காவின் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தின் 1201(எஃப்) பிரிவு, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏபி) பிரிவு ஆகியவை அந்த வகை. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனைகள் உண்டு.

நடைமுறையில் எல்லை எங்கே என்றால்: உங்கள் வீட்டில், நீங்கள் வாங்கிய கருவி பேசுவதைக் கேட்பது ஒன்று. நிறுவனத்தின் சர்வரைத் துளைப்பதோ, அதன் நிரலை அப்படியே நகலெடுத்து வெளியிடுவதோ முற்றிலும் வேறு. இரண்டாவதன் பக்கம் போகவே வேண்டாம். 2024 ஜனவரியில் ஹையர் நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு, தன் கருவிகளை ஹோம் அசிஸ்டென்டில் இணைக்கும் திறந்தமூல நிரலை நீக்கும்படி அதை எழுதியவருக்கு நோட்டீஸ் அனுப்பியது. பயனர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு கிளம்பியதும், சில நாட்களிலேயே பேசி வழி காண முன்வந்தது. அந்த நிரல் நிறுவனத்தின் கிளவுட் சர்வரைப் பயன்படுத்தியது என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்குள்ளேயே முடியும் தீர்வுக்கு இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைவு.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

ஒரு கணினி, நெட்வொர்க் பேச்சைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருள், பைத்தான். நெட்வொர்க் வழிக்கு இவை போதும். ஏசிக்குள் இருக்கும் சீரியல் இணைப்பைத் (வைஃபை மாட்யூலும் ஏசியின் போர்டும் பேசிக்கொள்ளும் கம்பி) தொடுவதாக இருந்தால், கம்பியில் ஓடும் துடிப்புகளைப் பதிவு செய்யும் ஒரு சிறிய லாஜிக் அனலைசரும், அதன் பதிவைப் படிக்க பல்ஸ்வியூ மென்பொருளும், ஓர் ஈஎஸ்பி32 போர்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நோட்டு, காகிதத்தில் இருந்தாலும் சரி, ஃபைலாக இருந்தாலும் சரி. எந்த நேரத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்பது அதில் இல்லாவிட்டால், பிடித்த பாக்கெட்டுகளை (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகள்) வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

லேப்டாப்பில் வயர்ஷார்க் ஓடுகிறது, ஆனால் போனும் ஏசியும் பேசுவது தெரியவே இல்லையே?

தெரியாது. போனிலிருந்து கிளம்பும் பாக்கெட் ரௌட்டருக்குப் போய் அங்கிருந்து ஏசிக்குப் போகிறது. உங்கள் லேப்டாப் அந்தப் பாதையில் இல்லை. வைஃபை கார்டை மானிட்டர் மோடில் போட்டுக் காற்றில் பிடிக்கலாம்தான். ஆனால் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு உள்ள வைஃபை நெட்வொர்க்கில் பாஸ்வேர்ட் தெரிந்திருந்தாலும், அந்தக் கருவி இணைந்தபோது நடந்த நான்கு படிக் கைகுலுக்கலும் பதிவில் இருந்தால்தான் வயர்ஷார்க்கால் அதைத் திறக்க முடியும். தொடக்கத்துக்கு இந்த வழி வேண்டாம்.

சுலபமான வழி, லேப்டாப்பையே ஹாட்ஸ்பாட் ஆக்கி ஏசியை அதில் இணைப்பது. அப்போது ஏசியின் எல்லாப் பேச்சும் லேப்டாப் வழியாகத்தான் போயாக வேண்டும். உங்கள் ரௌட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற மென்பொருள் இருந்தால் அதிலேயே டிசிபிடம்ப் என்ற பதிவுக் கருவியை ஓடவிட்டு ஃபைலைக் கொண்டுவந்து படிக்கலாம்.

ஒன்று மட்டும் எதுவும் மாற்றாமலேயே தெரியும்: பிராட்காஸ்ட். ஆப் திறந்ததும் "இங்கே ஏசி ஏதும் உண்டா?" என்று நெட்வொர்க் முழுவதற்கும் ஒரு யூடிபி பாக்கெட் அனுப்பினால் அது உங்கள் லேப்டாப்புக்கும் வரும். அது எந்தப் போர்ட்டுக்குப் போகிறது என்பதை வைத்தே பாதி அடையாளம் கிடைத்துவிடும். 7000 என்றால் க்ரீ குடும்பம். 6445 என்றால் மீடியா. 30050 என்றால் டைக்கினின் பழைய அடாப்டர். 6666 அல்லது 6667-இல் கருவியே தன் இருப்பை அறிவித்துக்கொண்டிருந்தால், பல பிராண்டுகளின் கருவிகளுக்குள் இருக்கும் டூயா.

பாக்கெட்டுகளைப் பிடித்தாயிற்று. இனி எங்கிருந்து படிப்பது?

வேலையின் உயிர்நாடி இதுதான், இதில் அவசரம் கூடாது.

முதலில் எதையும் தொடாமல் ஒரு பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். அதில் திரும்பத் திரும்ப வருவது நிலையைக் கேட்கும் பாக்கெட்டும் அதற்கான பதிலும். ஒரு பைட் ஒவ்வொரு முறையும் ஒன்று ஒன்றாக ஏறினால் அது வரிசை எண். யாரும் எதையும் தொடாதபோதும் மாறிக்கொண்டே இருக்கும் மற்ற பைட்டுகள் கடிகாரமாகவோ, அறை வெப்பநிலையாகவோ, செக்சமாகவோ (சரிபார்ப்பு எண், கீழே விளக்கியிருக்கிறேன்) இருக்கும். இவற்றை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டால் பிற்பாடு குழப்பம் வராது.

பிறகு ஒரே ஒரு பொத்தான். ஏசி கூலிங் மோடில், 24 டிகிரியில், விசிறி ஒரே வேகத்தில் இருக்கட்டும். 25-க்கு ஏற்றுங்கள், பதிவு செய்யுங்கள். 26, பதிவு. இரண்டு பாக்கெட்டுகளை அடுத்தடுத்த வரியில் வைத்து, மாறிய பைட்டை மட்டும் வட்டமிடுங்கள். வெப்பநிலை முழுவதும் முடிந்த பிறகு மோடுக்குப் போங்கள். ஒரே சமயத்தில் மோடையும் வெப்பநிலையையும் மாற்றிவிட்டு எந்த மாற்றம் எதனால் வந்தது என்று தேடுவது நேர விரயம்.

மீடியா யூனிட்டின் கட்டளையில் உள்ள ஒரு பைட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கூலிங் 24-இல் அது 72. கூலிங் 25-இல் 73. சரி, இது வெப்பநிலை என்று தோன்றும். கூலிங் 24.5-இல் அதே பைட் 88. ஹீட்டிங் 24-இல் 136. அப்படியானால் ஒரு பைட்டுக்குள் மூன்று விஷயங்கள் அடைக்கப்பட்டிருக்கின்றன. பிட்டுகளாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவாகும்: மேல் மூன்று பிட்டுகள் மோட் (கூலிங் 2, ஹீட்டிங் 4), அடுத்த பிட் அரை டிகிரி, கீழ் நான்கு பிட்டுகள் வெப்பநிலையிலிருந்து 16-ஐக் கழித்த எண். 2 பெருக்கல் 32, கூட்டல் 8, ஆகமொத்தம் 72. அரை டிகிரிக்கு 16 சேர்ந்தால் 88. ஹீட்டிங் என்றால் 4 பெருக்கல் 32, கூட்டல் 8, அதாவது 136. கணக்கு எங்கும் இடிக்கவில்லை. ஒரு ஊகத்தை இப்படிப் பல அளவீடுகளில் ஓட்டிப் பார்த்த பிறகே உண்மை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மதிப்புகள் நேர்வரிசையில்தான் ஏறும் என்றும் நினைக்க வேண்டாம். மிட்சுபிஷி எலெக்ட்ரிக்கின் சீரியல் மொழியில் வெப்பநிலை ஏற ஏற எண் இறங்குகிறது: 31 டிகிரிக்கு 0, 25-க்கு 6, 16-க்கு 15. அதாவது 31-இலிருந்து கழித்த எண். அரை டிகிரி தெரிந்த மாடல்களில் இன்னொரு பைட் உண்டு, அதில் வெப்பநிலையை இரட்டித்து 128 கூட்டுகிறார்கள். க்ரீயில் அறை வெப்பநிலை பல மாடல்களில் 40 கூட்டி வருகிறது. 67 வந்தால் 27 டிகிரி. பூஜ்யத்துக்குக் கீழே போகும் வெப்பநிலையையும் நேர் எண்ணாகவே அனுப்ப இது ஒரு வழி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கட்டளை முழு நிலையையும் சுமக்கிறதா, மாறியதை மட்டும் சொல்கிறதா? டைக்கினின் பழைய அடாப்டருக்கு ஆன், மோட், வெப்பநிலை, ஈரப்பதம், விசிறி வேகம், திசை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். ஒன்றை விட்டால் மறுத்துவிடும். மிட்சுபிஷி எலெக்ட்ரிக்கில் தனியாக ஒரு கொடி பைட் இருக்கிறது. 1 என்றால் ஆன்-ஆஃப், 2 மோட், 4 வெப்பநிலை, 8 விசிறி. எந்தெந்தக் கொடி ஏறியிருக்கிறதோ அந்த விஷயங்களை மட்டும் ஏசி எடுத்துக்கொள்ளும். அந்தக் கொடியைக் கண்டுபிடிக்காதவரை, வெப்பநிலை பைட்டை எத்தனை முறை மாற்றி அனுப்பினாலும் ஏசி அசையாது.

செக்சம் என்றால் என்ன? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாக்கெட் பழுதில்லாமல் வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்கும் எண். பெரும்பாலும் கடைசி பைட். வேறு எந்த பைட் மாறினாலும் இதுவும் மாறும், அதுதான் அடையாளம்.

முதலில் வெறும் கூட்டலை முயலுங்கள். மிட்சுபிஷி எலெக்ட்ரிக் யூனிட்டுக்கு அனுப்பும் முதல் வணக்கம் இப்படி இருக்கும்: 252, 90, 1, 48, 2, 202, 1, 168. கடைசியை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டினால் 596. அதை 256-ஆல் வகுத்தால் மீதி 84. 252-இலிருந்து 84 போனால் 168. அதுதான் கடைசி பைட். கூட்டல் ஒத்துவராவிட்டால் எல்லா பைட்டுகளின் எக்ஸார் (பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு), பிறகு சிஆர்சி8 (வகுத்தல் மீதியை வைத்த ஒரு பைட் சரிபார்ப்பு) வகைகள் என்று போகலாம். மீடியாவில் உள்ளடக்கத்துக்கு சிஆர்சி8, மொத்தச் சட்டகத்துக்குக் கூட்டல் என்று இரண்டுமே உண்டு. பத்துப் பதினைந்து மாதிரி பாக்கெட்டுகளைக் கொடுத்தால் எல்லாச் சேர்க்கைகளையும் பைத்தானில் ஒரு சிறு நிரல் முயன்று பார்த்துவிடும்.

எல்லாமே குப்பை எழுத்தாகத் தெரிகிறது. என்கிரிப்ட் செய்திருக்கிறார்களா?

இருக்கலாம். ஆனால் முதலில் அது பேஸ்64 (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக எழுதும் முறை) மட்டும்தானா என்று பாருங்கள். அப்படியென்றால் திறக்கச் சாவி எதுவும் வேண்டாம். அதைத் திறந்த பிறகும் குப்பையாக இருந்து, நீளம் எப்போதும் 16-இன் மடங்காக இருந்தால் ஏஇஎஸ் என்ற பரவலான என்கிரிப்ஷன் முறை என்று சந்தேகிக்கலாம். ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் எழுத்து மாறாமல் ஒரே குப்பை வருகிறதென்றால் அநேகமாக ஏஇஎஸ்ஸின் ஈசிபி முறை. ஏனென்றால் அதில் ஒரே சாவியும் ஒரே 16 பைட்டும் சேர்ந்தால் எப்போதும் ஒரே விடைதான்.

க்ரீயின் முறை கற்றுக்கொள்ள நல்ல உதாரணம். வெளியே சாதாரண ஜேசான் (பெயரும் மதிப்புமாகத் தரவை எழுதும் வடிவம்), உள்ளே ஒரு புலத்தில் ஏஇஎஸ் 128 ஈசிபியில் பூட்டி பேஸ்64-இல் எழுதிய இன்னொரு ஜேசான். முதல் அறிமுகத்துக்கு எல்லா யூனிட்டுக்கும் பொதுவான, ஏற்கனவே ஊரறிந்த 16 எழுத்துச் சாவி ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு "என்னோடு இணைந்துகொள்" என்று கேட்டால் ஏசி தனக்கே உரிய சாவியைக் கொடுக்கும். அதன்பின் எல்லாம் அந்தச் சாவியில். உள்ளே திறந்து பார்த்தால் பவர், மோட், செட் வெப்பநிலை, விசிறி வேகம் என்று ஆங்கிலச் சுருக்கங்களிலேயே பெயர்கள் இருக்கும். பைட் தேடும் வேலையே கிடையாது. புதிய ஃபர்ம்வேர்களில் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) ஈசிபிக்குப் பதில் ஜிசிஎம் என்ற வேறு ஏஇஎஸ் முறை வந்திருக்கிறது, ஆனால் பேச்சின் அமைப்பு அதேதான்.

மீடியாவின் மூன்றாம் பதிப்பில் சாவியை ஏசி நேரடியாகத் தராது. டோக்கனும் சாவியும் கிளவுட் கணக்கு வழியாக ஒருமுறை பெற வேண்டும். பிறகு டிசிபி போர்ட் 6444-இல் லோக்கலாகவே பேசலாம். டூயாவிலும் இதே போல லோக்கல் சாவி ஒன்று உண்டு. கருவியை ஆப்பில் மறுபடி இணைத்தால் அந்தச் சாவி மாறிவிடும். நேற்றுவரை வேலை செய்தது இன்று நின்றுவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. இந்தச் சாவிகளைப் பெற்ற கையோடு பாதுகாப்பான ஓர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். சர்வர் நாளை இல்லாமல் போகலாம்.

ஏஇஎஸ்ஸை உடைக்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது, முயலவும் வேண்டாம். பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. சாவி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆண்ட்ராய்டு ஆப்பை, அதன் நிரலைப் படிக்கும்படி மாற்றித் தரும் ஜாட்எக்ஸ் கருவி கொண்டு திறந்து, ஏஇஎஸ் அழைக்கப்படும் இடத்திலிருந்து பின்னோக்கி நடந்தால் பல நேரம் அங்கேயே கிடைக்கும்.

என் ஏசி லோக்கலாக எதுவும் பேசுவதில்லை, எல்லாம் டிஎல்எஸ் (இணையப் பேச்சைப் பூட்டி அனுப்பும் முறை) வழியாக கிளவுடுக்கே போகிறது. என்ன செய்வது?

ஆப்புக்கும் சர்வருக்கும் நடுவில், பேச்சைத் திறந்து காட்டும் மிட்எம்ப்ராக்ஸி என்ற கருவியை நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் ஆண்ட்ராய்டு 7.0 முதல், பயனர் தானாக நிறுவும் சான்றிதழை ஆப்கள் இயல்பாக ஏற்பதில்லை. அதற்கு மேல் சில ஆப்கள் தங்கள் சர்வரின் சான்றிதழை உள்ளேயே பதித்து வைத்திருக்கும். ரூட் செய்த போன், ஓடும் ஆப்பின் நடத்தையை மாற்றும் ஃப்ரிடா கருவி என்று போனால் அதையும் தாண்டலாம்.

தாண்டி என்ன கிடைக்கும் என்று யோசியுங்கள். கிளவுடின் மொழி கிடைக்கும், நீங்கள் கிளவுடைச் சார்ந்தே இருப்பீர்கள். அவர்கள் ஒரு நாள் அதை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. அந்த உழைப்பை ஏசியின் உள்ளே இருக்கும் சீரியல் இணைப்பில் செலவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. வைஃபை மாட்யூல் என்பது பெரும்பாலும் ஏசியின் போர்டோடு ஒரு சீரியல் கம்பியில் பேசும் தனிச் சிறு கணினிதான். அந்தக் கம்பியில் டிஎல்எஸ்ஸும் இல்லை, சான்றிதழும் இல்லை.

அந்த சீரியல் இணைப்பு எப்படி இருக்கும்?

இரண்டு உதாரணங்கள். மிட்சுபிஷி எலெக்ட்ரிக்கின் இன்டோர் யூனிட்களில் சிஎன்105 என்று பெயரிட்ட ஐந்து முனைச் சாக்கெட் இருக்கும்: 12 வோல்ட், கிரவுண்ட், 5 வோல்ட், அனுப்பும் கம்பி, பெறும் கம்பி. வேகம் 2400 பாட் (நொடிக்கு 2400 பிட்), 8 பிட், ஈவன் பேரிட்டி (பிழை தெரிய ஒவ்வொரு பைட்டோடும் சேரும் பிட்), ஒரு ஸ்டாப் பிட். கட்டளைப் பாக்கெட் மொத்தம் 22 பைட்: தலைப்பு ஐந்து, உள்ளடக்கம் பதினாறு, செக்சம் ஒன்று. டைக்கினில் எஸ்21 என்ற சாக்கெட். அங்கேயும் 2400 பாட், ஈவன் பேரிட்டிதான், ஆனால் ஸ்டாப் பிட் இரண்டு. சட்டகம் 2-இல் தொடங்கி 3-இல் முடியும், பெற்றுக்கொண்டதற்கு 6 என்று ஒற்றை பைட் பதில் வரும்.

பேரிட்டியைத் தவறாக வைத்தால் பதிவில் பிழைகளாகக் கொட்டும் அல்லது ஏசி உங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. லாஜிக் அனலைசரில் மிகக் குறுகிய துடிப்பின் அகலத்தை அளந்தால் வேகம் தெரிந்துவிடும். 2400 பாட் என்றால் ஒரு பிட் ஏறத்தாழ 417 மைக்ரோ செகண்ட்.

5 வோல்ட் கம்பியை ஈஎஸ்பி32-இன் 3.3 வோல்ட் முனையில் நேராகச் செருக வேண்டாம். நடுவில், வோல்டேஜை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் வையுங்கள்.

ஏசியைத் திறப்பது ஆபத்தா?

ஆம், இதில் விளையாட்டே கூடாது. பல இன்டோர் போர்டுகளில் மின்வழங்கி தனிமைப்படுத்தப்பட்டிருக்காது. அதாவது போர்டில் "கிரவுண்ட்" என்று எழுதியிருக்கும் இடமே மெயின்ஸ் மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கலாம். அங்கே யூஎஸ்பி லாஜிக் அனலைசரை மாட்டினால் லேப்டாப்பும் அதைப் பிடித்திருக்கும் கையும் அந்தச் சுற்றில் சேர்ந்துவிடும். இன்டோருக்கும் அவுட்டோருக்கும் நடுவே ஓடும் சிக்னல் கம்பியும் பல மாடல்களில் மெயின்ஸை ஒட்டியே இயங்குகிறது. அதைத் தொடவே வேண்டாம்.

தயாரிப்பாளர் வைஃபை அடாப்டருக்கென்று வெளியே விட்டிருக்கும் சாக்கெட்டை மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் மாடலில் அது தனிமைப்படுத்தப்பட்டதுதானா என்பதை சர்வீஸ் மேனுவலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மூடியைத் திறக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, கெபாசிட்டர்கள் வடிய சில நிமிடம் விடுங்கள். மின்சாரத்தில் பழக்கம் இல்லாதவர் பழக்கமுள்ள ஒருவரை உடன் வைத்துக்கொள்ளட்டும், அல்லது அடுத்த கேள்வியில் உள்ள வழியை எடுக்கட்டும்.

ஐஆர் ரிமோட்டைப் போல நடித்தால் போதாதா?

நிறையப் பேருக்குப் போதும். 38 கிலோஹெர்ட்ஸ் ஐஆர் எல்இடி ஒன்றும் ஈஎஸ்பி சில்லும் போதும். பல பிராண்டுகளின் மொழி தெரிந்த ஐஆர்ரிமோட்ஈஎஸ்பி8266 என்ற திறந்தமூல லைப்ரரி இருக்கிறது. ஏசியைத் திறக்க வேண்டாம், என்கிரிப்ஷன் கிடையாது. டிவி ரிமோட் "சத்தத்தைக் கூட்டு" என்று ஒரு பொத்தானை மட்டும் அனுப்பும். ஏசி ரிமோட் அப்படியல்ல. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் மோட், வெப்பநிலை, விசிறி என்று பெரும்பாலும் முழு நிலையையும் அனுப்பும். ஆகவே உங்கள் கட்டளை எப்போதும் முழுமையானது. சில ரிமோட்கள் கடிகார நேரத்தையும் சேர்த்து அனுப்பும், பைட்டுகளை ஒப்பிடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: பதில் வராது. கட்டளை போய்ச் சேர்ந்ததா, வீட்டில் வேறு யாராவது ரிமோட்டில் மாற்றிவிட்டார்களா, இப்போது அறை எத்தனை டிகிரி என்று எதுவும் தெரியாது. நம்பகமான ஆட்டோமேஷன் வேண்டுமென்றால் இருவழிப் பேச்சு வேண்டும்.

தவறான பைட்டை அனுப்பி ஏசியைக் கெடுத்துவிடுவேனா?

ஆப் அனுப்பிய பாக்கெட்டையே திரும்ப அனுப்புவதில் பயமில்லை. தெரிந்த புலத்தில் தெரிந்த எல்லைக்குள் மாற்றுவதும் அப்படியே. வரம்பு மீறிய வெப்பநிலையைப் பெரும்பாலான யூனிட்கள் புறக்கணிக்கும், அல்லது அருகிலுள்ள எல்லைக்கு இழுத்துக்கொள்ளும். கம்ப்ரஸரைக் காக்க, அணைத்ததும் ஏறத்தாழ மூன்று நிமிடம் மறுபடி தொடங்க விடாத தாமதமும் வழக்கமாக யூனிட்டிலேயே இருக்கிறது. இருந்தாலும் அதை நம்பி நிமிடத்துக்கு ஒருமுறை ஆன்-ஆஃப் செய்யும் ஆட்டோமேஷனை எழுதாதீர்கள்.

செய்யக் கூடாதது, தெரியாத கட்டளை எண்களை 0 முதல் 255 வரை வரிசையாக அனுப்பிப் பார்ப்பது. அவற்றில் தொழிற்சாலைச் சோதனை, ஃபர்ம்வேர் மாற்றம், நிறுவல் அமைப்புகள் போன்றவை ஒளிந்திருக்கலாம். படிக்கும் கட்டளைகளில் தேடலாம். எழுதும் கட்டளைகளில் வேண்டாம்.

ஹோம் அசிஸ்டென்டில் சேர்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஏசி சொல்வதே உண்மை, நீங்கள் அனுப்பியது வெறும் வேண்டுகோள். கட்டளை அனுப்பியதும் திரையில் 24 என்று காட்டிவிடாமல், ஏசியிடம் மறுபடி கேட்டு அது 24 என்ற பிறகு காட்டுங்கள். வீட்டில் மற்றவர்கள் ரிமோட்டைப் பயன்படுத்திக்கொண்டேதான் இருப்பார்கள். அவர்கள் மாற்றியதை உங்கள் நிரல் பார்க்க வேண்டும், மதிக்கவும் வேண்டும்.

நிலையைக் கேட்கும் இடைவெளி அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று இருக்கட்டும். இந்த வைஃபை மாட்யூல்கள் பலவீனமானவை. நொடிக்கொரு முறை கேட்டால் சில மூச்சுத் திணறி நின்றுவிடும். கட்டளைகளையும் சேர்த்து அனுப்புங்கள், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பீப் ஒலி எழுப்பும் யூனிட்கள் உண்டு. தூங்கும் குழந்தையின் அறையில் நள்ளிரவில் மூன்று பீப் கேட்டால் உங்கள் ஆட்டோமேஷனுக்கு வீட்டில் ஆதரவு இருக்காது.

ஃபர்ம்வேர் அப்டேட் வந்து எல்லாவற்றையும் உடைத்துவிட்டால்?

நடக்கக்கூடியதுதான். க்ரீயின் ஜிசிஎம் மாற்றத்தில் பழைய நிரல்கள் பேச முடியாமல் நின்றன, பிறகு திருத்தப்பட்டன. லோக்கலாக எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய பிறகு ரௌட்டரில் ஏசிக்கு இணையத்தை அடைத்துவிடுவது நல்லது. அடைத்த பிறகு சில நாள் பாருங்கள். சில மாட்யூல்கள் சர்வர் கிடைக்காவிட்டால் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும்.

இன்னொரு காரணத்துக்காகவும் ஏசியைத் தனி விலேனில் (வீட்டு நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) வைக்கச் சொல்வேன். டைக்கினின் பழைய அடாப்டர் போன்றவை பூட்டே இல்லாத வெறும் எச்டிடிபி பேசுகின்றன. உங்கள் நெட்வொர்க்கில் நுழைந்த யாரும் உங்கள் ஏசியை இயக்கலாம் என்று அதற்கு அர்த்தம். ஹோம் அசிஸ்டென்ட் மட்டும் அந்தப் பக்கம் போகலாம் என்று விதி எழுதுங்கள். ரௌட்டரில் ஏசிக்கான போர்ட்டை வெளி உலகத்துக்குத் திறந்துவிடவே கூடாது.

கண்டுபிடித்ததை மற்றவர்களோடு எப்படிப் பகிர்வது?

நிரலை மட்டும் போடாமல் பைட் விளக்கத்தையும் போடுங்கள். நிரல் எழுதப்பட்ட மொழி வழக்கொழிந்தாலும் ஒரு நல்ல அட்டவணையிலிருந்து வேறொருவர் மறுபடி எழுதிக்கொள்வார். மாடல் எண், மாட்யூல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு, எதை உறுதி செய்தீர்கள், எது இன்னும் ஊகம் என்று பிரித்துக் காட்டுங்கள். மாதிரி பாக்கெட்டுகளைக் கூடவே கொடுத்தால் அடுத்தவர் தன் நிரலை ஏசியே இல்லாமல் சோதிக்க முடியும்.

வெளியிடும் முன் பதிவைச் சுத்தம் செய்யுங்கள். சாவி, டோக்கன், மேக் முகவரி, கணக்கின் மின்னஞ்சல் எல்லாம் அதில் இருக்கும். முதல்முறை இணைக்கும்போது எடுத்த பதிவு என்றால் வீட்டு வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும்கூட இருக்கக்கூடும். அந்தப் பதிவை வெளியிடாமல் உங்களிடமே வைத்துக்கொண்டு, இணைந்த பிறகு புதிதாக ஒன்று எடுத்துப் போடுங்கள்.